காத்துக்கு வாடகை

பொடக்காளியில் முருங்கை விழுந்து ஒன்பது நாள்.
விழும்போது காம்பவுண்டுச் சுவரில் பாதியையும்
துணிக்கம்பியையும்
மூடிக்கிடந்த கோழிக்கூண்டையும்
கூட்டிக்கொண்டே விழுந்தது.

சென்னியப்பனுக்குப் போன் போட்டேன்.
"எவ்வளவு இருக்குதுங்க?"

காங்கேயம் நகராட்சியில் பதினோரு வருடமாக
சதுர அடிக்கு வரி எழுதுகிறவள் நான்.
நீளம் தெரியும், அகலம் தெரியும்.
உயரத்தை யாரும் என்னிடம் கேட்டதில்லை.
"என் தோள் உயரம் இருக்கும்" என்றேன்.
"உங்க தோள் எவ்வளவுங்க?"

போட்டோ அனுப்பினேன்.
அளவு தெரியட்டும் என்று சாய்த்து வைத்த சீமாறு
மரத்தைவிடப் பெரிதாக விழுந்திருந்தது படத்தில்.

குட்டி யானைன்னா ஆயிரத்து இருநூறு.
டிராக்டர் ரெண்டாயிரம், ஆனா உங்க சந்துல திரும்பாது.
டிப்பர் நாலாயிரத்து ஐநூறு, ஒரே நடை.

"தழை எடத்தை அடைக்குமுங்க, கனம் இருக்காது.
கல்லு கனமிருக்கும், எடம் அடைக்காது.
கல்லுன்னா குழிக்காரன் நமக்குக் காசு குடுப்பான்,
தழைன்னா நம்மகிட்டக் கேப்பான்.
கீழ கல்லைப் போட்டு
மேல தழையைப் போட்டு மிதிக்கோணும்.
மிதிக்காம ஏத்துனீங்கன்னா
காத்துக்குத்தான் வாடகை கட்டறீங்க."

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
மூன்று ரூம், ஒரு ஹால், மேலே ஒரு மாடி.
நான் ஒருத்தி.
இருபத்தாறு மாதமாக
எதற்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று
முதல்முறையாக ஒருவர் பேர் சொல்லிவிட்டார்.

என் கல்யாணத்துக்கு
எழுநூறு இலைக்குச் சமைத்தார் அப்பா.
நானூறு இலைதான் விழுந்தது.
மிஞ்சிய சாம்பாரை அண்டா அண்டாவாக
ஆட்கள் ஊற்றிவிட்டு வந்தபோதும்
"பத்தலைன்னு ஒரு சொல்லு வந்துரக்கூடாது" என்றார்.
அந்த ரத்தம்.
டிப்பரே வரட்டும் என்றேன்.

ஞாயிறு காலை ஆறரை.
பின்னால் நகரும்போது ஒலிக்கிற அந்தப் பாட்டோடு
சந்து முழுக்க எழுப்பிக்கொண்டு வந்தது.
பையன்கள் இரண்டு பேர், பேச்சு இந்தி, வேலை மின்னல்.
கல், மேலே கிளை, மேலே தழை,
அதன்மேல் ஏறி நின்று ஒரு மிதி.
ஒன்பது நாளாக வாடியிருந்த தழை
அப்பளம் மாதிரி நொறுங்கி உட்கார்ந்தது.
எட்டே கால் மணிக்கு முடிந்துவிட்டது.

பாதி வண்டிகூட நிறையவில்லை.
மீதிப் பாதியில் வெயில் உட்கார்ந்திருந்தது.

அதைப் பார்த்தது நான் மட்டுமில்லை.
எதிர்வீட்டுத் துளசிமணி
"சும்மாதான போகுது" என்று
விரிசல் விட்ட கக்கூஸ் பேசினை மகனோடு தூக்கி வந்தாள்.
லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆன மயிலேறி அண்ணன்
நடுவில் பள்ளம் விழுந்த இலவம்பஞ்சு மெத்தை.
தையல்கடை ரமீஜா மூன்று மூட்டை வெட்டுத்துணி.
நாலு வீடு தள்ளி, பெயர்கூடத் தெரியாத ஒருவர்
வாஷிங்மிஷினின் வயிற்றை உருட்டிக்கொண்டே வந்து
என்னைப் பார்த்துச் சிரித்தார்.
கேட்டுவிட்டதாக அர்த்தம் போல.
பூத்தொட்டி, பிளாஸ்டிக் சேர், ஒற்றைக்கால் கட்டில்.
சந்து ஒரு பத்து வருடத்துக்கு இளைத்துப்போனது.

எனக்கு, உண்மையைச் சொன்னால், கோபம் வரவில்லை.
அத்தனை பேர் என் வாசலுக்கு வந்து
இருபத்தாறு மாதம்.
போசியில் டீ போட்டு எல்லோருக்கும் ஊற்றினேன்.
அளவு சரியாக இருந்தது.

தார்ப்பாய் கட்டி முடித்தார் சென்னியப்பன்.
உச்சியில் துளசிமணியின் பேசின்
சிவன்மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு வெள்ளையாக.
காசை எண்ணி வாங்கியவர்
என் பின்னால் கைகாட்டினார்.
"அது?"

முருங்கையின் அடிக்கட்டை.
வேரோடு, மண்ணோடு,
காலையிலிருந்து நான் உட்கார்ந்து
வேலை பார்த்துக்கொண்டிருந்த இடம்.

தார்ப்பாயைப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார்.
"இனி ஒரு நடை ஆகுமுங்க."
"குட்டி யானை போதுமா?"
என்னையும் ஒருதடவை அளந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:
"தோள் உயரம் இல்லீங்களே. முட்டிதான்."